வருவதற்கு ஒரு துடுப்பு

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பஸ்ஸில் கூடை கொண்டு போகலாம். குடை கொண்டு போகலாம். கோழிகூடக் கொண்டு போகலாம். ஏனென்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒரு துடுப்பைக் கொண்டு போய்ப் பாருங்கள்! என்னுடையது நடுவில் கழன்று இரண்டு துண்டாகும் ஜாதியைச் சேர்ந்தது. இரண்டு துண்டையும் பழைய வேஷ்டியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் ஏறியதும், கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சார் இது, கடப்பாரையா?"

"இல்லை, துடுப்பு."

"கொளவாய் ஏரி இந்த ஊரிலேயே இருக்கிறதே, சார்!" என்றார் அவர். பஸ் முழுவதும் கொல்லென்று சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

வழி பழகிய வழிதான். திருக்கழுக்குன்றத்து மலை முதலில் தூரத்தில் தோன்றி, பிறகு பக்கத்தில் வந்து நிற்கும். தினந்தோறும் உச்சி வேளையில் வந்து அமுதுண்டு சென்ற கழுகுகள் இப்போது வருவதில்லை; ஆனால் மலையைக் கண்டதும் பிரயாணிகள் ஆகாயத்தை நோக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. அதைத் தாண்டினால் வயல்களும் பனைகளும். பனைகளுக்குப் பின் சவுக்குத் தோப்புகள். சவுக்கின் இரைச்சல் எங்கே முடிகிறது, கடலின் இரைச்சல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத இடத்தில் மாமல்லபுரம் வந்துவிடுகிறது.

அன்று நான் சிற்பங்களைப் பார்க்கப் போகவில்லை. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவன், அன்று பரீட்சை எழுதப் போய்க்கொண்டிருந்தேன். பரீட்சை அதிகாரி, தேவனேரிக் கடற்கரையைச் சேர்ந்த ஒரு முதியவர். பரீட்சைக்குரிய பொருள், என் கக்கத்தில் இருந்த துடுப்பு.

இந்தக் கதை சென்ற வருஷம் ஆனி மாதத்தில் தொடங்கியது. சென்னையில் உத்தியோகம் பார்க்கும் என் சகோதரி மகன் ஒரு 'கயாக்' வாங்கினான். கயாக் என்பது வட துருவத்தை அடுத்த பனிப் பிரதேசங்களில் வாழும் இனூயிட் மக்களின் குறும்படகு. தோலால் போர்த்திய அந்தப் பழைய படகுக்குள் ஒருவன் இடுப்பளவு புகுந்து உட்காருவான். இப்போது மீன் பிடிப்பதற்கென்று விற்பது வேறு மாதிரி. பிளாஸ்டிக்கினால் வார்த்த மூடிய தெப்பம் அது. அதற்குள்ளே புக வேண்டாம், மேலேயே உட்காரலாம். அலை மேலே ஏறினால், தண்ணீர் துளைகளின் வழியாகத் தானே வடிந்துவிடும்.

"மாமா, டீசல் வேண்டாம், வாடகை வேண்டாம், சத்தமும் இல்லை. தூண்டில் போடுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?" என்றான் பையன். படகோடு இரண்டு அலுமினியத் துடுப்புகளையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். சேர்த்துக் கொடுத்த பொருளை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்?

முட்டுக்காட்டுக் கழியில் இரண்டு நாள் பழகினோம். கழித் தண்ணீர் சாது. ஆகவே தைரியம் பெருகிவிட்டது. ஒரு விடியற்காலையில், மிதவைச் சட்டை அணிந்துகொண்டு, கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே கடலில் இறங்கினோம். மேல்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் காற்று அதுதான். துடுப்பைத் தொட்டும் தொடாமலும் ஒரு மைல் போய்விட்டோம். நான்கு சங்கரா, ஒரு பாரை அகப்பட்டன. 'கடலில் போவது இவ்வளவு சுலபமா!' என்று எண்ணிக்கொண்டேன். சுலபமாக இருந்தது போவது மட்டும்தான் என்பதை அப்போது நான் அறியவில்லை.

எட்டரை மணிக்குப் படகைத் திருப்பினோம். முதுகில் தள்ளிய காற்று இப்போது மார்பில் தள்ளியது. வெயில் ஏற ஏற வேகமும் ஏறியது. அரை மணி நேரம் துடுப்புப் போட்டோம். கோயில் விமானம் இருந்த அளவிலேயே இருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. என் வலத் தோள் முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, அதன் பிறகு அங்கே தோள் இருக்கிற உணர்ச்சியே போய்விட்டது. துடுப்பின் தண்டு வழியே முழங்கைக்கு வழிந்த உப்புத் தண்ணீரில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. வாயாடிப் பையன் பேசாமல் இருந்ததுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அந்தச் சமயத்தில் வலை வாங்கித் திரும்பிய ஒரு கண்ணாடியிழைப் படகு எங்களைக் கண்டது. அதில் இருந்த முதியவர் கயிறு வீசினார். கரைக்கு வந்ததும் அவர் எங்களைக் கண்டிக்கவில்லை. என் துடுப்பை எடுத்து, நடுவில் ஒரு கையால் பிடித்து, இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டிப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, இது போறதுக்கு வாங்கின துடுப்பு. வர்றதுக்கு ஒண்ணு வாங்கணும்" என்றார்.

பிறகு தம் வீட்டிற்கு அழைத்துப் போய், இறவாணத்தில் செருகியிருந்த பழைய துடுப்பு ஒன்றை உருவிக் காட்டினார். அவர் கட்டுமரம் ஓட்டிய நாளில் வைத்திருந்தது. எளிய மரப் பலகைதான். ஆனால் நடுவில் கனத்தும், நுனிக்குப் போகப் போக மெலிந்தும் இருந்தது. கை பிடித்த இடம் வழவழவென்று பள்ளமாகத் தேய்ந்திருந்தது. "கனம் கையில இருக்கலாம், நுனியில இருக்கக் கூடாது. நுனி கனத்தா தோள் போயிடும். ஒரேயடியா இளைச்சா மடியிற அலையில முறிஞ்சிடும்" என்றார்.

இதைவிடச் சுருக்கமான பௌதிக பாடத்தை நான் கேட்டதில்லை. ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் சுமக்கலாம். அதே குடத்தைக் கம்பின் நுனியில் தொங்கவிட்டுத் தூக்க முயன்றால் தெரியும் சங்கதி. துடுப்பிலும் அப்படியே. தராசு காட்டும் எடை ஒன்று, கை உணரும் எடை மற்றொன்று.

கட்டுமரத்தைப் பற்றியும் அன்று வெகு நேரம் பேசினோம். இலேசான மரங்களைச் செதுக்கி, ஒன்றோடொன்று கயிற்றால் கட்டி, கரை சேர்ந்ததும் பிரித்து உலர்த்துவார்கள். அதில் ஏறும் தண்ணீர் இடுக்குகளின் வழியே வடிந்துபோகும். ஆகவே அது நிரம்பி மூழ்குவதில்லை. பையனுடைய புதுமைப் படகின் இரகசியமும் அதுவே அல்லவா? வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, 1697-ல் வெளியான தம் பிரயாண நூலில், சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அந்தப் பெயராலேயே வர்ணித்திருக்கிறார். சென்னை மாகாணத்து மீன்துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-ல் எழுதிய ஆராய்ச்சியில் அதற்கு உரிய இடம் கொடுத்தார். இன்று உலகத்தார் 'கட்டமரான்' என்று சொல்வது இரட்டை உடல் கொண்ட வேறொரு கப்பலை. பெயரை நாம் கொடுத்தோம். பொருளை அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். அதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம், நம் கரையிலேயே அந்தப் பொருள் அருகிவிட்டது என்பதுதான். எஞ்சின் பூட்டிய படகுகள் சென்ற நூற்றாண்டின் இறுதியிலேயே பெருகத் தொடங்கின. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை கரையிலிருந்த மரங்களையும் படகுகளையும் அடித்துச் சென்ற பிறகு, உதவியாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே. எஞ்சின் வேண்டாமென்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அலையில் தோள் தேய்ந்தவர்கள் அவர்கள். ஆயினும் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னார்: "எஞ்சின் நின்னா என் பையன் செல்போனைப் பாக்குறான். நான் துடுப்பைப் பாக்குறேன்."

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்த அலுமினியத் துடுப்பை மளிகைக் கடைத் தராசில் நிறுத்ததுதான். 1,250 கிராம் இருந்தது. கண்ணாடியிழைத் தண்டுள்ள துடுப்பு ஏறக்குறைய 900 கிராம். வித்தியாசம் 350 கிராம். ஒரு புஸ்தகத்தின் எடை! இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 40 வீச்சு என்று வைத்துக்கொண்டால் ஒரு மணிக்கு 2,400 வீச்சு. வீச்சுக்கு 350 கிராம் வீதம் 840 கிலோ. மூன்று மணி நேரத்தில் இரண்டரை டன். ஒவ்வொரு வீச்சிலும் முழு எடையையும் தூக்குவதில்லை என்பது மெய்தான். அப்படியே பாதியைத் தள்ளினாலும், மிச்சமுள்ள ஒன்றேகால் டன்னைச் சுமக்கும் தோள் எனக்கில்லை.

சென்னைக் கடையில் கரியிழைத் துடுப்பும் இருந்தது. 700 கிராம்தான், தூக்கினால் தூக்கியதே தெரியவில்லை. விலையைக் கேட்டால் தெரிந்தது. விலை மட்டும் தடையல்ல. கரியிழை இலேசும் விறைப்பும் உடையது. ஆனால் பாறையில் மோதினால் சில்லாக உடையக் கூடும். மாமல்லபுரத்துக் கடலிலோ பாறைக்குக் குறைவில்லை. 'ஒரேயடியா இளைச்சா முறிஞ்சிடும்' என்ற சொல் காதில் ஒலித்தது. ஆகவே கண்ணாடியிழையையே கேட்டேன். நடுவில் பிடித்து ஆட்டி, நுனிகள் கனக்காததைத் தேர்ந்தெடுத்தேன். நடு மூட்டு கடகடவென்று ஆடுகிறதா என்று பார்த்தேன். தண்டில் ஏறும் தண்ணீரை முழங்கைக்கு வராமல் தடுக்கும் ரப்பர் வளையம் உண்டா என்று பார்த்தேன். அகன்ற அலகு தண்ணீரை அதிகமாக வாரும். அந்தப் பாரத்தைத் தோள்தான் தாங்க வேண்டும். நெடுந்தூரம் போவதற்குக் குறுகிய அலகே நல்லது என்று அதை வாங்கினேன்.

நீளத்தில்தான் சந்தேகம் வந்தது. கடைக்காரர் 240 சென்டிமீட்டர் என்றார். இனூயிட் மக்களின் முறை என்னவென்று படித்துப் பார்த்தேன். படித்ததும் பிரமித்துப் போனேன். கிரீன்லாந்தில் ஒருவன் தனக்குத் துடுப்புச் செதுக்கும்போது, விரித்த இரண்டு கைகளின் அகலத்தோடு முழங்கை முதல் விரல் நுனி வரையுள்ள நீளத்தைச் சேர்த்துக்கொள்வானாம். அலகின் அகலம் கைப்பிடிக்குள் அடங்க வேண்டுமாம். விரித்த கையின் அகலம் என்பது என்ன? நம் மீனவர்கள் கடலின் ஆழத்தை அளக்கும் பாகம்! மற்றொன்று முழம்! பனிக்கட்டிக் கடலில் இருப்பவனும் சோழமண்டலக் கரையில் இருப்பவனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவருக்கும் அளவுகோல் ஒன்றே: தன் உடம்பு. எனக்கு ஒரு பாகமும் ஒரு முழமும் 215 சென்டிமீட்டர் வந்தது. ஆனால் அவர்கள் படகு ஒடுக்கமானது. எங்களுடையது 85 சென்டிமீட்டர் அகலம். குட்டையான துடுப்பால் எட்டித் துழாவினால் விரல் படகில் இடிக்கும். கடைக்காரர் சொன்ன 240-ம் சரி, கிரீன்லாந்துக்காரன் சொன்னதும் சரி. உடம்பு பாதி அளவைச் சொல்கிறது. படகு மீதியைச் சொல்கிறது.

இந்தத் துடுப்பைத்தான் நான் பஸ்ஸில் கொண்டு போனேன்.

பெரியவர் வேஷ்டியைப் பிரித்து, துண்டுகளைப் பூட்டி, நடுவில் பிடித்து ஆட்டினார். அலகை விரலால் சுண்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பரவாயில்லே" என்றார். பரீட்சையில் இதற்கு மேல் மார்க்கு அவர் கொடுப்பதில்லை என்று பிறகு அறிந்தேன்.

அவருடைய பேரன், பத்து வயது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் சத்தத்தில் பிறந்த பிள்ளை. துடுப்பைக் கையில் பிடித்தது இல்லையாம். "பிடிச்சுப் பாருடா" என்றார் தாத்தா. அவன் தன் கைகளை விரித்துத் துடுப்பை அளந்தான். அவனுக்கு அது வெகு நீளம். தாத்தா உள்ளே போய், தம் பழைய துடுப்பை எடுத்து வந்தார். அதன் தேய்ந்த பள்ளத்தில் சிறுவனுடைய கையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தார். எழுத்தறிவிக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைப்போமே, அதைப் போல. நான் அப்பால் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

அன்று பையனும் நானும் அரை மைலுக்கு மேல் போகவில்லை. போகும்போதே ஒரு முறை திரும்பி, காற்றை எதிர்த்து நூறு வீச்சுப் போட்டுக் கரை நெருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டோம். நெருங்கியது. ஒன்பது மணிக்கு முன்பே மணலில் கால் வைத்தோம். தோள் வலித்தது, ஆனால் அது என் தோள்தான் என்பது தெரிந்தது.

மாலையில் திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர். "என்ன சார், மீன் கிடைத்ததா?" என்றார்.

"இல்லை. திரும்பி வந்துவிட்டேன்" என்றேன்.

அவருக்கு அது விளங்கியிருக்காது. டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆசனத்துக்குப் போய்விட்டார்.