அங்கீட்டியின் நீலம்

எழுபதுகளின் தில்லி சரோஜினி நகர் என்றால் எனக்கு மார்க்கெட் ஞாபகம் வருவதில்லை, புகைதான் வருகிறது. ஜனவரி பிறந்தால் குவார்ட்டர்ஸ் வாசல்தோறும் அங்கீட்டி என்கிற கரியடுப்பு. அடியில் சுள்ளி, மேலே கரி. பஞ்சாபி மாமிகள் அட்டைத் துண்டால் விசிறி விசிறி, புகை அடங்கிக் கரி சிவந்த பிறகுதான் உள்ளே தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் சமையலுக்குப் பம்ப் ஸ்டவ், குளிர்காய மட்டும் அங்கீட்டி. போகியன்று விடியற்காலையில் நாங்கள் பழைய பாயைக் கொளுத்தினால், சாயங்காலம் அவர்கள் லோரிப் பண்டிகைக்கு விறகு அடுக்குவார்கள். வேர்க்கடலை மட்டும் இரண்டுக்கும் பொது.

பள்ளி பக்கத்து லட்சுமிபாய் நகரில். 1923-ல் மதராசிக் குமாஸ்தாக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கி, பிறகு தில்லி தமிழ்க் கல்விக் கழகம் என்று வளர்ந்ததே, அதன் பள்ளி. கெமிஸ்ட்ரி சார் தஞ்சாவூர்ப் பக்கம். மஃப்ளரைக் கழற்றாமலே பாடம் நடத்துவார்.

தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது என்று எழுதினால் பரீட்சையில் மார்க் உண்டு. சார் விடமாட்டார். “அப்போ எரியறப்பவே கொஞ்சம் கொஞ்சமா ஏறணுமேடா? அணைஞ்சப்புறம் ஏன் விடுவிடுன்னு ஏறறது?” டம்ளர் விளிம்பில் முதலில் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறுவதைக் குனிந்து பார்க்கச் சொல்வார். சூட்டில் விரிந்த காற்று அது. சுடர் போனதும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது. ஆக்சிஜன் முழுக்கத் தீர்வதே இல்லை. 21 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 16-க்கு இறங்கினாலே மெழுகுவத்திக்கு மூச்சு முட்டிவிடும்.

ஒரு நாள் பியூனின் அங்கீட்டியையே லேப் வராந்தாவுக்குக் கொண்டுவரச் சொன்னார். சிவந்த கரிக்கு மேலே, நிழலில் மட்டும் தெரிகிற மெல்லிய நீல நாக்குகள் ஆடிக்கொண்டிருந்தன. வீட்டில் தினமும் பார்ப்பதுதான், யாரும் என்னவென்று கேட்டதில்லை. அடிக்கரி எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது, அது மேலே வரும் வழியில் பழுத்த கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது, அதுதான் மேலே காற்றுப் பட்டதும் நீலமாக எரிகிறது என்றார். “புகை போயிடுத்தேன்னு உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கறேளே! இந்த நீலம் எரியாமப் போனா எங்கே போகும்?” கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குளிர்காலத் தில்லிப் பத்திரிகைகளில், அங்கீட்டி வைத்த அறையில் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி இன்றைக்கும் வருகிறது. அன்று ராத்திரி அப்பாவிடம் இதை ஒப்பித்தேன். மறுபேச்சில்லாமல் அங்கீட்டியை வராந்தாவில் கொண்டுபோய் வைத்தார். பாட்டிக்குத்தான் கோபம். ரஜாய்க்குள்ளிருந்து சாரைத் திட்டித் தீர்த்தாள்.

அந்த வராந்தாவும் போய்விட்டது. 2016-ல் ஏழு அரசுக் காலனிகளை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, சரோஜினி நகர் அதில் ஒன்று. 2018-ல் மரங்களை வெட்டக் கூடாதென்று ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். விநாயகர் கோயில் இருக்கிறது, மார்க்கெட் இருக்கிறது. எங்கள் பிளாக் எந்த இடத்தில் நின்றது என்று என்னால் கைகாட்டிச் சொல்ல முடியவில்லை.

சார் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. சூடான வாயு மேலே போகிறது, கீழிருந்து குளிர்ந்த காற்று நுழைகிறது, அதனால் சுடர் கூம்புகிறது. “மேல், கீழ் இல்லாத இடத்துல கொளுத்தினா என்ன வடிவம்டா வரும்?” 1992-ல் கொலம்பியா விண்ணோடத்தில் மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தார்கள். சுடர் உருண்டையாக, மங்கிய நீலமாக இருந்ததாம். படித்ததும் சாருக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. அவர் ரிட்டையராகி ஊரோடு போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. விலாசம் விசாரித்தபோது, அவர் தவறிப்போன செய்திதான் கிடைத்தது.