பந்தயம் விட்ட பாக்கி

விம்பிள்டன் என்றால் உலகத்துக்கு டென்னிஸ். லண்டன் தமிழருக்கு அது எஃப்ரா சாலைப் பிள்ளையார் கோயில். அந்த ஊருக்கு இன்னொரு முகமும் இருந்தது. கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பிளவ் லேனில், 2017 மார்ச் வரை கிரேஹவுண்ட் நாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது அங்கே கால்பந்துத் திடலும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. கற்பக விநாயகர் கோயில் இருக்கும் வால்தம்ஸ்டோவிலும் ஒரு பந்தயத் திடல் இருந்தது. 1933இல் தொடங்கி 2008இல் மூடிய அதன் முகப்பை மட்டும் மரபுச் சின்னமாக விட்டுவிட்டுப் பின்னால் வீடுகள் கட்டிவிட்டார்கள். 2025 ஜனவரியில் கிரேஃபோர்டும் மூடிய பிறகு லண்டனில் எஞ்சியிருப்பது ரொம்ஃபோர்ட் மட்டும்தான். தமிழர் செறிந்த இல்ஃபோர்டிலிருந்து அது அதிகத் தூரமில்லை. இந்த நாட்டின் நாய்ப் பந்தயம் நாம் குடியேறிய தெருக்களை ஒட்டியே வாழ்ந்து தேய்ந்திருக்கிறது. ஆனாலும், பந்தயம் முடித்த நாய் ஒன்றைத் தொண்டு நிறுவனத்திடமிருந்து எடுத்து வளர்க்கும் பேச்சு வந்தால், 'அது வெள்ளைக்காரர் விவகாரம்' என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். யாருடைய விவகாரம் அது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வியூவில், அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திர முயலின் பின்னால் நாய்களை ஓடவிட்டதில் தொடங்கியது பிரிட்டனின் நவீன கிரேஹவுண்ட் பந்தயம். குதிரைப் பந்தயத்துக்குப் போக நேரமும் வசதியும் இல்லாத தொழிலாளிக்கு, வேலை முடிந்து டிராம் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய மாலைப் பொழுதுபோக்காக அது பரவியது. 1940களில் உரிமம் பெற்ற திடல்கள் மட்டுமே 77 இருந்தன. இன்று ஏறத்தாழ இருபது. கூட்டம் கலைந்த பிறகும் பந்தயம் நிற்கவில்லை. காலையிலும் பகலிலும் நடக்கும் ஓட்டங்களில் பல, பார்வையாளருக்காக அல்ல, பெட்டிங் கடைகளின் திரைகளுக்காக நடப்பவை. கிழக்கு லண்டனிலோ ஹரோவிலோ நம்மவரின் மளிகைக் கடைக்கு இரண்டு கடை தள்ளி அந்தத் திரைகளில் ஒன்று ஓடிக்கொண்டிருப்பது புதினமல்ல. அங்கே காசு கட்டுபவர்களில் நம்மவர்களும் உண்டு. நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற பேச்சு முதலில் அந்தக் கடைவாசலிலேயே தடுக்கி விழுகிறது.

அடுத்தது நாயின் ஆயுள் கணக்கு. கிரேஹவுண்ட் ஒன்று பதினைந்து மாத வயதில் ஓடத் தொடங்குகிறது. மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் ஓய்வுபெறுகிறது. காயம் பட்டால் அதற்கும் முன்பே. நல்ல பராமரிப்பில் அது பன்னிரண்டு, பதினான்கு வயது வரை வாழும். அதாவது தொழில் எடுத்துக்கொள்வது இரண்டு மூன்று ஆண்டு, வீடு ஏற்றுக்கொள்வது எட்டு ஒன்பது ஆண்டு. லாபம் வரும் பருவம் தனியாருடையது, செலவு வரும் பருவம் பொதுமக்களுடையது. 2020இல் பிரிட்டனின் கிரேஹவுண்ட் பந்தய வாரியம் கொண்டுவந்த ஓய்வுத் திட்டத்தில் ஒரு நாய்க்கு 400 பவுண் ஒதுக்கினார்கள். பாதி உரிமையாளர் கட்டுவது, பாதி வாரியம் கொடுப்பது. கருத்தடை, தங்குமிடம், தீனி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பந்தய நாய்களுக்குப் பல் கெட்டிருப்பது சாதாரணம். மயக்க மருந்து கொடுத்து நாலைந்து பல்லைப் பிடுங்கினால் அந்த 400 அதற்கே போய்விடும். மிச்சத்தைத் தொண்டு நிறுவனங்கள் உண்டியல் குலுக்கியும் பழைய துணி விற்றும் ஈடுகட்டுகின்றன. குதிரைப் பந்தயத்துக்கு பெட்டிங் நிறுவனங்கள் சட்டப்படி வரி கட்டியாக வேண்டும். நாய்ப் பந்தயத்துக்கு அவை கொடுப்பதோ மனமுவந்து கொடுக்கும் பங்கு, பந்தயப் பணத்தில் 0.6 விழுக்காடு. இந்த இடைவெளியை அடைப்பவர்கள்தாம் நாயை வீட்டுக்கு அழைத்துப் போகும் குடும்பங்கள்.

ஒரு நாட்டில் குடியேறியவர் அந்த நாட்டுக்காரர் ஆவது எப்போது என்ற கேள்விக்கு நாம் பழக்கமாகச் சொல்லும் பதில்கள் கடவுச்சீட்டு, வரி, வாக்கு, பிள்ளைகளின் உச்சரிப்பு. இவை எல்லாமே நாட்டிடமிருந்து நாம் பெறும் உரிமைகளோடு ஒட்டியவை. கூட்டுக் குடும்பத்தில் காணியில் பங்கு கேட்கிறவர் கடனிலும் பங்கு ஏற்க வேண்டும் என்பது நம் ஊர் நியாயம். இந்த நாட்டின் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் பூங்காவும் நமக்கும் உரியவை என்றால், இந்த நாட்டின் பொழுதுபோக்கு விட்டுச்சென்ற பாக்கியும் நமக்கு உரியதுதான். பந்தயம் முடித்த நாயை வளர்ப்பதை ஜீவகாருண்யம் என்றும் சொல்லலாம். அதைவிட, கடனில் நம் பங்கை ஏற்கும் குடியுரிமைச் செயல் என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு நாய்ப் பிரியர்களிடமிருந்தே வருகிறது. நீங்கள் எடுக்க எடுக்க அவர்கள் வளர்த்துக்கொண்டே இருப்பார்கள். குப்பையை நீங்கள் அள்ளினால் கொட்டுகிறவனுக்குத்தான் வசதி என்பது அந்த வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஓய்வுபெறும் நாய்களில் 94 விழுக்காட்டுக்கு வாழ்விடம் கிடைக்கிறது என்று 2024 கணக்கைக் காட்டி வாரியம் பெருமைப்படுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் மற்றவர்களின் வீட்டுக் கூடங்கள். செலவு மிச்சம் என்று கொல்லப்பட்ட நாய்கள் 2018இல் 175, 2024இல் 3 என்பது உண்மையான முன்னேற்றம், மறுக்கக் கூடாது. ஆனால் அதே 2024இல் திடல்களில் பதிவான காயங்கள் 3,809. திடலிலேயே இறந்தவை 123. தத்தெடுப்பால் இந்த எண்கள் குறைவதில்லை. ஆனால் வேல்ஸில் நடந்தது வேறொரு பாடம் சொல்கிறது. அங்கே பந்தயத்தை நிறுத்தக் கோரி 35,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனுவை முன்னெடுத்தது ஹோப் ரெஸ்கியூ என்ற நாய் மீட்பு அமைப்பு. காயம்பட்டு வந்த நாய்களை ஏற்றவர்கள்தாம் அந்தக் காயங்களுக்குச் சாட்சியானார்கள். 2025 பிப்ரவரியில் வேல்ஸ் அரசு தடையை அறிவித்தது. நாயை எடுத்தவர் வாய்மூடி இருந்தால்தான் தொழிலுக்கு உதவி. வாய் திறந்தால் அவரைவிட நம்பத்தகுந்த சாட்சி இல்லை. திடல்கள் மூடும்போதுதான் வீடுகள் இன்னும் அதிகமாகத் தேவைப்படும் என்பதையும் மறக்கக் கூடாது. 2026 ஜூலையோடு பந்தயத்தை முடிப்பதாக 2024 டிசம்பரில் அறிவித்தபோது, நாய்களுக்கு வீடு தேட அவகாசம் வேண்டும் என்பதையே நியூசிலாந்து அரசு காரணமாகச் சொன்னது.

ஓடுவது அந்த நாய்க்குப் பிடித்ததுதானே என்பது பந்தயப் பிரியரின் வாதம். பிடிக்கும்தான். மணிக்கு எழுபது கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய உடம்புக்கு ஓட்டம் இன்பமாகத்தான் இருக்கும். ஆனால் புல்வெளியில் தானாக ஓடும் ஓட்டம் வேறு, ஆறு நாய்களை ஒரே கணத்தில் திறந்துவிட்டு முதல் வளைவில் முட்டவைக்கும் ஓட்டம் வேறு. எப்போதும் இடப்பக்கமே வளைந்து ஓடுவதால் வலப் பின்காலின் கணுக்கால் எலும்பு முறிவது இந்த நாய்களுக்கே உரிய காயம். எலும்பை முறிப்பது திடலின் வடிவம். பழியை நாயின் ஆசை மேல் போடுவது சரியல்ல.

நம் வீடுகளிலிருந்து வரும் மறுப்புகள் இன்னும் நெருக்கமானவை. முதலாவது, ஊரில் மனிதர் படும் பாட்டுக்கு அனுப்பாத காசை நாய்க்குச் செலவழிப்பதா என்பது. ஊருக்கு அனுப்பும் கடமை பெரிது. அதைக் குறைத்து நாய் வளர்க்கச் சொன்னால் நானும் எதிர்ப்பேன். ஆனால் சாமத்திய வீட்டுக்கு ஹெலிகொப்டர் பிடிக்கும்போது எழாத இந்தக் கேள்வி நாயைக் கண்டதும் எழுவதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது, நாய் வளவில் நிற்க வேண்டியது, வீட்டுக்குள் அல்ல என்ற பழக்கம். இங்கே அது செல்லாது. கிரேஹவுண்டின் தோல் மெல்லியது, உடம்பில் கொழுப்பு குறைவு. குளிருக்குச் சட்டை போட்டுத்தான் வெளியே கூட்டிப்போக வேண்டும். சுவாமி அறையும் முதியவரின் ஒவ்வாமையும் உள்ள வீட்டில் இது முடியாது என்றால், முடியாது என்பதே நேர்மையான பதில். மூன்றாவது, நகைக்குக் காவல் தேடி நாய் கேட்பவர்கள். அவர்களுக்கு கிரேஹவுண்ட் ஏமாற்றமே தரும். நாளில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் தூங்கும், அபூர்வமாகவே குரைக்கும். பூனையைக் கண்டால் காட்டும் வேகத்தைத் திருடனிடம் காட்டாது. ஆனாலும் தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை வேட்டை நாயைப் பார்த்த கண்ணுக்கு கிரேஹவுண்டின் ஒட்டிய வயிறும் நீண்ட காலும் பழகியவையாகவே தெரியும். கரிசல் காட்டில் முயல் விரட்டிய சிப்பிப்பாறைக்கும் 1972இன் இந்திய வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு தொழில் இல்லாமல் போனது. தொழிலுக்காகவே உருவாக்கிய உயிரைத் தொழில் முடிந்த பின் என்ன செய்வது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல.

புலம்பெயர்ந்தவர் இதைப் பற்றி எழுதும்போது ஓர் ஒப்புமை கையருகே வந்து நிற்கும்: இந்த நாயும் நம்மைப் போல ஓர் அகதி. பிரிட்டனில் ஓடுபவற்றில் பெரும்பங்கு அயர்லாந்தில் பிறந்து கடல் கடந்து வருபவை. இரண்டு காதிலும் பச்சைகுத்திய அடையாளம் அதைச் சொல்லும். ஆனாலும் அந்த ஒப்புமையை நான் ஏற்கவில்லை. அகதிக்கு வாய் உண்டு, வழக்குண்டு, திரும்பிப் போகும் ஆசையும் உண்டு. நாய் வந்தது சரக்காக. இந்த ஒப்புமையில் நாம் மறுபடியும் பாதிக்கப்பட்டவர் இடத்தில் வசதியாக உட்கார்ந்துகொள்கிறோம். இங்கே நம் இடம் அதுவல்ல. கூடமும் வெப்பமூட்டியும் வாக்கும் உள்ள வீட்டுக்காரரின் இடம். தத்தெடுக்கும் படிவத்தில் கையெழுத்திடும் அதே பேனாவால் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு கடிதம் எழுதலாம்: எட்டு ஒன்பது ஆண்டுச் செலவை நாங்கள் ஏற்கிறோம், பெட்டிங் நிறுவனங்களின் பங்கை ஏன் இன்னும் சட்டம் கேட்கவில்லை?