பனிமலையில் ஒரு படுக்கைப் பை

மார்கழியில் கோலம் போட எழுந்திருக்கும்போது முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்வோமே, சென்னைக்காரர்களான எங்களுக்கு அதுதான் குளிர். வீட்டில் இருந்த ஒரே ஸ்வெட்டரும் எப்போதோ ஊட்டிக்குப் போனபோது வாங்கியது. அப்படிப்பட்ட நான் 46 வயதில் இமயமலைப் பனியில் கூடாரம் அடித்துப் படுத்துத் தூங்கிவிட்டு வந்தேன் என்றால் என் தங்கையே இன்னும் நம்பமாட்டேன் என்கிறாள்.

போனதற்குக் காரணம் ஆசை இல்லை, பயம்.

2022 டிசம்பரில் என் பெண் கல்லூரித் தோழிகளோடு உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா மலைக்குப் போனாள். 12,500 அடி உயரம். திரும்பி வந்தபோது சளியும் ஜுரமும். "ஒண்ணுமில்லைம்மா, கொஞ்சம் குளிர்" என்றாள். ஒரு மாதம் கழித்துத்தான் மெள்ள மெள்ள விஷயம் வெளியே வந்தது. வாடகைக்கு எடுத்த ஸ்லீப்பிங் பேக்கில் ஜிப் பாதியில் நின்றுவிட்டதாம். உள்ளே அடைத்திருந்த பஞ்சு கட்டி கட்டியாக ஒதுங்கி, முதுகுப் பக்கம் வெறும் துணிதானாம். நடுராத்திரி நடுக்கம் எடுத்து, பேச்சு குழறி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் படுத்திருந்த தோழி சமயோசிதமாக எழுந்து, ஈர சாக்ஸைக் கழற்றி, தன் பையையும் இவள் மேல் போட்டுக் கட்டிக்கொண்டு, சர்க்கரை போட்ட வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் குடும்ப டாக்டரிடம் கேட்டேன். "உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து அம்மா. நடுங்குகிறவரை உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். பேச்சு குழறினால், நினைவு தடுமாறினால் உடனே கவனிக்க வேண்டும். குளிர் குறையாமலே நடுக்கம் மட்டும் நின்றுபோனால் அது இன்னும் மோசம்" என்றார்.

"இனிமேல் மலை கிலை எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "மலை மேலே தப்பு இல்லைம்மா, பை மேலேதான் தப்பு. சரியான பை இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நீயும் வா, நீயே பார்த்து வாங்கு" என்றாள். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "போயிட்டுத்தான் வாயேன்" என்றார். இப்படித்தான் ஆரம்பித்தது.

பட்டுப்புடவை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற நமக்குப் பை பார்க்கத் தெரியாதா என்ன?

ஸ்லீப்பிங் பேக் இரண்டு விதம். ஒன்றில் செயற்கை இழை அடைத்திருக்கும். இன்னொன்றில் வாத்துத் தூவி. கடையில் 'டவுன்' என்பார்கள். வாத்தின் மாரில், பெரிய இறகுகளுக்கு அடியில் நடுத்தண்டு இல்லாமல் பொசுபொசுவென்று இருக்குமே, அதுதான். அன்னப்பறவையின் தூவி திருக்குறளிலேயே மென்மைக்கு உவமையாக வந்திருக்கிறது. 1922-லேயே எவரெஸ்ட் ஏறப் போன ஜார்ஜ் ஃபின்ச் என்பவர் தூவி அடைத்த கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு போனாராம்.

தூவிக்கு ஏன் இந்த மவுசு? இலவம்பஞ்சுத் தலையணையை வெயிலில் போட்டுத் தட்டினால் உப்புகிறது அல்லவா? உப்பினால் உள்ளே காற்று நிற்கிறது. அந்தக் காற்றுதான் நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. பை தானாக ஒன்றும் சூடு தருவதில்லை. இப்படி உப்புவதில் தூவியை மிஞ்ச எதுவும் இல்லை. '600 ஃபில் பவர்' என்று எழுதியிருந்தால் 28 கிராம் தூவி 600 கன அங்குலம் விரியும் என்று பொருள். நம் கணக்கில் சொன்னால், ஒரு கைப்பிடித் தூவி பத்து லிட்டர் வாளியை நிரப்பிவிடும்! 800 என்றால் இன்னும் உசத்தி, விலையும் உசத்தி. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். உசத்தி அரிசியானாலும் அரைப்படி அரைப்படிதானே?

தூவிக்கு ஒரு பெரிய குறை உண்டு. நனைந்தால் சப்பென்று ஒட்டிக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாது. செயற்கை இழை நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும், விலையும் குறைவு. ஆனால் கனம், மடித்தாலும் சுருங்காது. மழையும் ஈரமுமான இடத்துக்குச் செயற்கை இழை, காய்ந்த பனிக்குளிருக்குத் தூவி என்று வைத்துக்கொள்ளலாம்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது வெப்ப அளவுச் சீட்டு. அதில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என்று மூன்று எண்கள் இருக்கும். பெண்கள் 'கம்ஃபர்ட்' எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 'லிமிட்' என்பது ஆண்களின் உடம்பை வைத்துப் போட்ட கணக்கு. 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் பிழைத்துக் கிடப்பதற்கு, தூங்குவதற்கு அல்ல. போன வருஷம் என் பெண்ணுக்குக் கொடுத்த பையில் 'மைனஸ் 10' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம். அது எந்த எண் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் தையல். ரஜாய் மாதிரி மேல்துணியையும் உள்துணியையும் சேர்த்து ஒரே தையலாக அடித்திருந்தால், தையல் கோட்டில் தூவி நிற்காது, அந்த வழியாகக் குளிர் நுழையும். கடுங்குளிருக்கு, இரண்டு துணிக்கும் நடுவே குறுக்குத் துணி கொடுத்து அறை அறையாகத் தைத்ததுதான் வேண்டும். ஜிப்புக்குப் பின்னால் நீளப் பட்டையாகத் தூவி அடைத்திருக்க வேண்டும். கழுத்தைச் சுற்றிக் காலர், தலைக்குக் குல்லாய் இரண்டும் தேவை.

அளவும் முக்கியம். தொளதொளவென்று இருந்தால் உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் நம் உடம்பு சூடாக்கியாக வேண்டும். இறுக்கமாக இருந்தால் தூவி நசுங்கிவிடும். "உள்ளே படுத்துப் பாருங்கம்மா" என்றார் கடைக்காரர். புடவையோடு கடைத் தரையில் பைக்குள் நுழைந்து, குல்லாயை மூடி, மூக்கு மட்டும் தெரியப் படுத்தேன். பக்கத்தில் கேரம்போர்டு வாங்க வந்த பையன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தால் சிரிக்கட்டும்!

விலை 15,000 ரூபாய். ஒரு பைக்குத்தான் எங்களால் முடிந்தது. எனக்குத் தைராய்டு குறைவு, இயல்பாகவே குளிர் தாங்காது. "தூவிப் பை உனக்கு, வாடகைப் பை எனக்கு. இந்தத் தடவை நானே பார்த்து எடுக்கறேன்" என்றாள் பெண். சரி என்றேன். மனசுக்குள் மட்டும், ராத்திரி அவள் நடுங்கினால் மாற்றிக்கொள்வது என்று தீர்மானம்.

வீட்டில் இன்னொரு தேர்வு காத்திருந்தது. நாங்கள் சைவம். "வாத்தை உரிச்சு அடைச்சதா? என் பூஜை அறைப் பக்கம் வரப்படாது" என்றார் மாமியார். எனக்கும் உறுத்தல்தான். கேட்டுத் தெரிந்துகொண்டேன். தூவி பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கும் வாத்துகளிலிருந்து மிச்சமாகக் கிடைப்பது. உயிரோடு பிடுங்குகிற கொடுமையும் சில இடங்களில் நடந்திருக்கிறது. அதைத் தடுக்க 'ஆர்.டி.எஸ்.' என்ற முத்திரை 2014-ல் வந்தது. எங்கள் பையில் அந்த முத்திரை இருந்தது. அத்தையிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். போன வருஷம் பேத்திக்கு நடந்ததையும் அன்றுதான் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பரண்லே தனியா வை" என்றார். அவ்வளவுதான்.

2023 டிசம்பரில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டில்லி, அங்கிருந்து டேராடூன். விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மசூரி, புரோலா, மோரி வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். நைட்வார் என்ற ஊரில் ரூபின், சூபின் என்ற இரண்டு ஆறுகள் கூடி டோன்ஸ் ஆறாகின்றன. மாலையில் சாங்க்ரி கிராமம். 6,400 அடி. தேவதாரு மரத்தில் செதுக்கிய பால்கனி வைத்த வீடுகள், கூரையில் பனி, முற்றத்தில் வைக்கோல்.

வாடகைப் பைகளை என் பெண் அங்கேதான் எடுத்தாள். ஒவ்வொன்றையும் பிரித்து உதறி அரைமணி நேரம் உப்ப விட்டாள். ஜிப்பைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கினாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கட்டி இருக்கிறதா என்று பார்த்தாள். ஐந்தாவது பைதான் தேறியது. உள்ளே போட்டுக்கொள்ள வீட்டிலிருந்தே ஒரு துணி லைனர் தைத்து எடுத்துப் போயிருந்தோம். கொஞ்சம் கூடுதல் கதகதப்பு, பையும் அழுக்காகாது.

முதல் நாள் ஓக், பைன் காட்டுக்குள் ஏற்றம். ஜூடா கா தாலாப் என்ற குளத்தருகே முகாம். குளம் உறைந்து கண்ணாடித் தட்டு மாதிரி கிடந்தது. அன்று ராத்திரி மூக்கு சில்லிடுகிறதே என்று தலையையும் பைக்குள் இழுத்துக்கொண்டேன். விடியற்காலையில் கழுத்துப் பக்கமெல்லாம் பிசுபிசுவென்று ஈரம்! எங்கள் வழிகாட்டி, மலைக் கிராமத்துப் பையன், சிரித்துக்கொண்டே, "மாதாஜி, மூச்சு உள்ளே விடக்கூடாது. மூச்சிலே தண்ணி இருக்கு" என்று பையை வெயிலில் விரித்துக் காய வைத்தான். நனைந்தால் தூவி உதவாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன நானே நனைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் முகாம் 11,000 அடிக்கு மேலே. சூரியன் மறைந்ததும் பூஜ்யத்துக்கு எட்டு டிகிரி கீழே. சூடாக சாதமும் ராஜ்மாவும் சாப்பிட்டு, ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய். கூடாரத்தைச் சுற்றி விறுவிறுவென்று நாலு நடை. பை நம் சூட்டைத்தானே காக்கும்? சில்லிட்ட உடம்போடு நுழைந்தால் சில்லிட்டே கிடக்க வேண்டியதுதான். படுக்கைக்கென்றே ஒதுக்கி வைத்த உலர்ந்த சாக்ஸ். கெட்டியாக மூடிய பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டுக் கால் பக்கம் வைத்துக்கொண்டோம். அடியில் இரண்டு மேட். உடம்புக்கு அடியில் தூவி நசுங்கிவிடுவதால், தரைக் குளிரைத் தடுப்பது மேட்தான். சோம்பல்படாமல் பாத்ரூம் போய்விட்டு வந்து, குல்லாயை இழுத்து, மூக்கை வெளியே விட்டுப் படுத்தேன்.

தூக்கம் வரவில்லை. குளிரால் இல்லை. எனக்கு இதமாகவே இருந்தது. அந்த இதமே குத்தியது. நான் கதகதப்பாகக் கிடக்கிறேன், குழந்தை எப்படி இருக்கிறாளோ? பல் கிட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மூச்சுச் சத்தம் மட்டும்தான். ஒரு மணி இருக்கும். கையை வெளியே எடுத்து அவள் குல்லாய்க்குள் விட்டுக் கழுத்தைத் தொட்டேன். நல்ல சூடு.

"என்னம்மா?" என்றாள் தூக்கத்திலே.

"உன் பேரென்ன?"

"ஐயோ அம்மா, நான் நல்லா இருக்கேன். பேசாம தூங்கு."

பேச்சு தெளிவாக இருந்தது. அப்புறம்தான் நான் தூங்கினேன்.

மூன்று மணிக்கு எழுப்பினார்கள். விளக்கு கட்டிய தலைகளோடு பனியில் ஏறி, சூரியன் கிளம்புகிற நேரத்துக்கு உச்சி. சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள் ஆரஞ்சு நிறத்தில் பற்றிக்கொண்ட மாதிரி நின்றன. சூலம் நட்டிருந்த இடத்தில் கும்பிட்டுவிட்டு, மாமியார் கொடுத்தனுப்பிய கல்கண்டை எல்லோருக்கும் கொடுத்தேன். வழிகாட்டிப் பையனுக்கு இரண்டு.

ஊர் திரும்பிய பிறகும் வேலை உண்டு சகோதரிகளே. தூவிப் பையைச் சின்ன உறையில் திணித்தபடியே மாதக்கணக்கில் வைத்தால் உப்பும் சக்தி போய்விடும். பெரிய காற்றோட்டமான துணி உறையில் தளர்வாகப் போட வேண்டும். சென்னை ஈரக் காற்றில் பூசணம் பிடிக்காமல் அவ்வப்போது நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். துவைப்பதானால் தூவிக்கென்று விற்கும் சோப்புதான், துணி மிருதுவாக்கும் திரவம் கூடாது. முறுக்கிப் பிழியவும் கூடாது. குறைந்த சூட்டில் டிரையரில் இரண்டு டென்னிஸ் பந்தோடு போட்டு, கட்டியெல்லாம் உடைந்து உள்ளே முழுக்கக் காயும்வரை உலர்த்த வேண்டும்.

உங்கள் பிள்ளைகளும் மலைக்குப் போகிறேன் என்று நிற்கலாம். வேண்டாம் என்று சொல்வது சுலபம். அதற்கு முன்னால் பையை வாங்கிப் பிரித்துப் பாருங்கள், ஜிப்பை இழுத்துப் பாருங்கள், எந்த எண் 'கம்ஃபர்ட்' என்று கேளுங்கள்.

எங்கள் பைக்குப் பெரிய உறை வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் பார்த்தால், மாமியார் மாமாவின் பழைய எட்டு முழ வேஷ்டியை மிஷினில் போட்டு உறை தைத்துக்கொண்டிருக்கிறார். வாயில் நாடா கோக்கும் பின்.

"அடுத்த வருஷமும் போவாளோல்லியோ?" என்றார்.