கிணற்றடி யுனிவர்சிடி!

மணியாச்சி ஜங்ஷனில் இறங்குகிறவனுக்கு இரண்டே வேலைதான். ஒன்று, 1911 ஜூன் 17-ம் தேதி இங்கே ரயில் பெட்டியில் வைத்து கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதை நினைத்துப் பார்ப்பது. இரண்டு, தூத்துக்குடி ரயிலுக்குக் காத்திருப்பது. முதல் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இரண்டாவது..? ம்ஹூம்!

சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் செருப்போடு ஒரு கிலோ மண்ணும் கூடவே வரும். வெயில் அடித்தால் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து அடியேன் செல்போனில் என்ன படித்துக்கொண்டிருந்தேன் தெரியுமோ? கடலில் ஆபத்தில் மாட்டியவனைக் காப்பாற்றுவது எப்படி!

ஸ்கூபா டைவிங்கில் 'ரெஸ்க்யூ டைவர்' என்று ஒரு படிப்பு உண்டு. ஒரு காலத்தில் போர்டு, புத்தகம், வாத்தியார் என்று வகுப்பறையில் நடந்த பாடம், இப்போது போனுக்குள் வந்துவிட்டது. தியரியை வீட்டிலேயே படித்துப் பரீட்சையும் எழுதலாம். ஆனால், 'பேடி' மாதிரியான அமைப்புகள் அதை மட்டும் நம்பிக் கார்டு தருவதில்லை. தண்ணீரில் இறங்கி, பயிற்சியாளர் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும். அடியேன் தியரியில் எல்லாப் பாடமும் முடித்தாயிற்று. பி.காம். ஆச்சே, மனப்பாடம் நமக்குப் புதுசா என்ன!

ஸ்டேஷன் பக்கத்திலேயே நண்பனின் மாமாவுக்குத் தோட்டம். ரயிலுக்குத்தான் நேரம் இருக்கிறதே என்று போனேன். வயசு அறுபதைத் தாண்டியவர். இளவட்டத்தில் ஊர் ஊராகப் போய்க் கிணற்றில் தூர் வாரியவர்.

"என்ன மாப்ள, போனையே பாத்துக்கிட்டு?"

சொன்னேன்.

"முங்குறதப் போன்லயா படிக்கீரு? அப்ப பசிச்சா சமையல் புஸ்தகத்த வாசிச்சிட்டுப் படுத்துக்கிருவீரோ?"

ரோஷம் வந்துவிட்டது. மாமா துண்டைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்தார். மழை முடிந்த சமயம். தண்ணீர் நிறையக் கிடந்தது. "நான் முங்கப் போறேன். வந்து காப்பாத்தும்வே!"

நானும் குதித்தேன். பாடம் மனசில் பளிச்சென்று இருந்தது. கிட்டே போகாதே. தள்ளி நின்று பேச்சுக் கொடு. பிடித்து மிதக்க ஏதாவது நீட்டு. பிடிக்கத்தான் வேண்டுமென்றால் பின்பக்கமாகப் போ. ஆனால், நான் போய் நின்றதென்னவோ அவர் மூஞ்சிக்கு நேரே! அடுத்த விநாடி கழுத்தில் இரண்டு கை, தோள் மேல் முழு மாமா, வாய் நிறையக் கிணறு. படித்ததில் ஒரு வரி ஞாபகமில்லை.

அவரே பிடியை விட்டார். "கட்டிப் பிடிச்சா கீழ முங்கிரணும்வே! அவன் மேல வரத்தான் பாப்பான், உம்மகூடக் கீழ வரமாட்டான். தானா விட்டிருவான்."

அட, இதே சங்கதி பாடத்திலும் இருந்ததே! படித்திருந்தேன். தெரிந்திருக்கவில்லை.

வேப்பமரத்தடியில் தலை துவட்டியபடி மாமா தூத்துக்குடிக் கதை சொன்னார். முத்துக்குளிப்பு நடந்த காலம். 1961-தான் கடைசி. கல்லின் கனத்தில் மூச்சடக்கி இறங்குகிறவனின் கயிற்றை, படகில் மச்சான்தான் பிடிப்பானாம். கூடப்பிறந்தவள் தாலியாச்சே, அசந்துவிடுவானா? "அந்தக் கயிறு எந்தப் போன்லவே இருக்கு?" என்று சிரித்தவர், திடீரென்று அமைதியாகிவிட்டார்.

"இருபது வருசம் இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு. ஒரு பய முங்கிட்டான். காப்பாத்தப் போனவனையும் சேத்துக் கட்டிக்கிட்டான். நான்தான் ரெண்டு பேரையும் தூக்குனேன். தலைகீழாத் தோள்ல போட்டுச் சுத்துனோம், வயித்த அமுக்குனோம்... ஒண்ணும் நடக்கல." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அதுக்குப் போன்ல என்ன போட்ருக்கு?"

தயங்கித் தயங்கிச் சொன்னேன். சுற்றக்கூடாது. வயிற்றை அமுக்கவும் கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும், நேரமும் வீண். மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் இரண்டு தடவை ஊத வேண்டும். பிறகு நெஞ்சு நடுவில் 30 தடவை அமுக்கல், 2 தடவை ஊதல். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 வேகத்தில் அமுக்க வேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் போட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக்கூடாது.

"அன்னைக்கு ஊதியிருந்தா அந்தச் சின்னவனாவது பொழச்சிருப்பானோ?"

நான் பாஸ் பண்ணிய எந்தப் பரீட்சையிலும் இந்தக் கேள்வி வரவில்லை. பேசாமல் இருந்தேன்.

மாமா எழுந்து போய் ஒரு பருத்தி மூட்டையை இழுத்து வந்து போட்டார். "எங்க அமுக்கணும்? காட்டும்."

அரைமணி நேரம் நான் வாத்தியார், அவர் மாணவர். மூட்டைதான் பாவம்! அப்புறம் என்னைப் பார்த்து, "இப்ப நீரு இறங்கும் கிணத்துல" என்றார். மூன்று தடவை என்னை முக்கி எடுத்தார். நாலாவது தடவைதான் பின்பக்கமாகப் போய், அவர் முகம் தண்ணீருக்கு மேலேயே இருக்கும்படி படி வரைக்கும் இழுத்து வந்தேன்.

"பரவால்ல. பாதி பாஸ்!" என்றார்.

தூரத்தில் ரயில் சத்தம். தூத்துக்குடி ரயிலேதான், நான் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. போகட்டுமே... மணியாச்சியில் காத்திருப்பது நமக்குப் புதுசா என்ன!