பூனைக்குட்டியும் ஓர் அமானிதமே

சென்ற ஷவ்வால் மாதத்தில் ஒரு பெண் பூனைக்குட்டி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. பல்லைப் பார்த்த கால்நடை மருத்துவர் வயது 3 மாதம் இருக்கும் என்றார். 5 மாதம் நிறைந்ததும் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடும்படியும் சொல்லி அனுப்பினார்.

நாங்கள் தயங்கினோம். அல்லாஹ்வின் படைப்பில் கைவைப்பதா என்ற அச்சம் ஒருபுறம். "வாயில்லாச் சீவன், ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே" என்ற உம்மாவின் இரக்கம் மறுபுறம். யாரிடமும் மார்க்க விளக்கம் கேட்காமலேயே நாள்களைக் கடத்தினோம்.

7ஆம் மாதத்தில் அது சினையாக இருந்தது. சுமார் 9 வாரங்களில் நான்கு குட்டிகளை ஈன்றது. தானே இன்னும் வளர்ந்து முடியாத தாய். இரண்டு குட்டிகள் முதல் வாரத்திலேயே இறந்தன. எஞ்சியவை பால்குடி மறக்கும் முன்பே தாய் மீண்டும் பருவத்துக்கு வந்து இரவெல்லாம் கத்தியது.

மறுபடியும் மருத்துவரிடம் ஓடினோம். பெண் பூனை 4 மாதத்திலேயே பருவமடையக்கூடும் என்றும், பால் கொடுக்கும்போதே மீண்டும் சினையாகலாம் என்றும் விளக்கினார். ஒருமுறை ஈன்றால்தான் உடலுக்கு நல்லது என்பதற்கு ஆதாரமில்லை. மாறாக, முதல் பருவத்துக்கு முன்பே சிகிச்சை செய்தால் மடிப் புற்றுநோயின் அபாயம் பெரிதும் குறைகிறது. இளம் உடலில் காயமும் விரைவில் ஆறுகிறது. ஆண் பூனைக்கும் ஏறத்தாழ இதே வயதுதான்.

பிறகே பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சென்றோம். இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றார். உண்ணப்படாத பிராணிகளுக்கு விதையடிப்பதை ஷாஃபிஈ நூல்கள் தடுக்கின்றன. பயன் இருந்தால் ஹனஃபி நூல்கள் அனுமதிக்கின்றன. தேவை இருந்து, பிராணிக்குத் தீங்கும் இல்லையென்றால் செய்யலாம் என்று இக்கால அறிஞர் பலர் கூறுவதையும் எடுத்துரைத்தார். பூனையைப் பட்டினி போட்டு அடைத்துவைத்ததால் தண்டிக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸையும் நினைவூட்டினார். பின்பு, "காப்பாற்ற முடியாத குட்டிகள் பிறக்க இடம் கொடுத்துவிட்டு அவற்றைத் தெருவில் விட்டால், அதற்கும் பதில் சொல்ல வேண்டுமல்லவா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

குட்டிகள் பால் மறந்து, தாயின் மடி வற்றியதும் அதற்குச் சிகிச்சை செய்வித்தோம். அதுவரை அதை வெளியே விடவில்லை. ஒரு குட்டியை உறவினர் வீட்டில் கொடுத்தோம். எங்களோடு தங்கிய மற்றொன்றுக்கு 5 மாதம் நிறைந்த வாரத்திலேயே சிகிச்சை முடிந்தது. மறுநாளே அது தாயின் வாலைப் பிடித்து விளையாடத் தொடங்கியது.

பூனை வளர்க்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் இந்தத் தயக்கம் இருக்கலாம். அது ஈமானிலிருந்து எழும் நல்ல தயக்கம். ஆனால், ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்க வேண்டியதைக் குட்டி வீட்டுக்கு வந்த வாரமே கேட்டுவிடுங்கள். நாம் முடிவெடுக்கும்வரை பூனையின் உடல் காத்திருப்பதில்லை.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.