ராசப்ப செட்டித் தெருவில் ஒரு மருந்துக் கடை

பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி சைனா பஜாரில் கொஞ்ச தூரம் நடந்து (பலகையில் என்.எஸ்.சி. போஸ் சாலை, எங்கள் வீட்டில் கடைசிவரை சைனா பஜார்தான்) ராசப்ப செட்டித் தெருப் பக்கம் திரும்பினால், கந்தகோட்டத்துக் கோபுரம் கண்ணில் படுவதற்கு முன்பே மூக்குக்கு இடம் தெரிந்துவிடும். சாம்பிராணி, வெட்டிவேர், பெருங்காயம், ஓமம் எல்லாம் ஒன்றாகக் கலந்த நெடி. அங்கே வரிசையாக இருந்த நாட்டு மருந்துக் கடைகளில் ஒன்று தாத்தாவுடையது. பிறகு அப்பாவும் சித்தப்பாவும் பார்த்தார்கள். இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள்.

கடை என்றால் எட்டடி அகலம்தான். மூன்று சுவரிலும் தரையிலிருந்து உத்தரம் வரை மர இழுப்பறைகள். ஒன்றிலும் பெயர் எழுதியிருக்காது. எழுதிவைத்தால் பையன்கள் மூக்கை மறந்துவிடுவார்கள் என்பது தாத்தாவின் கட்சி. சித்தரத்தை எது, அதிமதுரம் எது என்று இருட்டிலும் முகர்ந்து எடுக்கத் தெரிந்தவனுக்குத்தான் சம்பளம் ஏறும். பித்தளைத் தராசு, உத்தரத்தில் தொங்கும் நூல்கண்டு, பழைய பேப்பர் அடுக்கு. கிராம் கணக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் வயதான வைத்தியர்கள் பலத்திலும் ரூபாய் எடையிலும்தான் சீட்டு எழுதி அனுப்புவார்கள். பலத்துக்கு 35 கிராம் என்று தாத்தா வாய்க்குள் பெருக்கிப் போடுவார்.

வந்தவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "யாருக்கு?"

"கடுக்கா கால் கிலோ குடுங்க."

"யாருக்கும்மா?"

"மாமனாருக்கு. மூணு நாளா வயிறு போகல."

"அதுக்குக் கால் கிலோவா? அம்பது கிராம் வாங்கிட்டுப் போ. கொட்டையை எடுத்துட்டு இடிக்கணும், தெரியும்ல?"

இந்த 'யாருக்கு' வழியாகத்தான் சுற்று வட்டாரத்து வீட்டுச் சங்கதியெல்லாம் கடைக்குள் வந்து சேரும். யார் மகளுக்குப் பேறுகாலம், யார் வீட்டில் குழந்தைக்கு மாந்தம், எந்தக் கிழவருக்கு இருமல் விடவில்லை என்பதெல்லாம் தாத்தாவுக்குக் கணக்கு நோட்டு இல்லாமலே தெரியும். விளக்கு வைத்த பிறகு வரும் பெண்கள் வசம்பைப் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "அந்தப் பேர் சொல்லாத மருந்து" என்பார்கள். அவரும் வாயைத் திறக்காமல் ஒரு துண்டை எடுத்துக் காகிதத்தில் சுருட்டி நீட்டுவார். சௌகார்பேட்டை மார்வாடி அம்மாள் சோண்ட் என்பாள், தெலுங்குச் செட்டியார் வீட்டு ஆள் சொண்டி என்பான்; இரண்டு பேருக்கும் ஒரே இழுப்பறையிலிருந்து சுக்கு போகும்.

கல்லாவுக்குக் கீழே பூட்டுப் போட்ட தகரப் பெட்டி ஒன்று உண்டு. தாளகம், வீரம், பூரம் எல்லாம் அதற்குள். அறிமுகமான வைத்தியர் கையால் எழுதின சீட்டு இல்லாமல் அது திறக்காது. சேராங்கொட்டைக்குத் தனி ஜாடி. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். சலவைக்காரர்கள் துணியில் குறி போடுவது அதில்தான், அழியவே அழியாது. எண்ணெய் தடவிக்கொண்டு எடு என்று சொன்னதைக் கேட்காமல் கைவிட்ட பையன் ஒருவன் ஒரு வாரம் வீங்கின கையோடு திரிந்தான். அதன்பிறகு அந்த ஜாடிப் பக்கம் போனாலே எங்கள் எல்லார் கையும் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

தாத்தா சொன்னதெல்லாம் சரி என்று நான் சாதிக்கமாட்டேன். அவர் வைத்தியம் படித்தவரில்லை. நெஞ்சு வலி என்று யாராவது வந்தால் மட்டும் பொட்டலம் கட்டமாட்டார், "நேரா ஜி.எச்.சுக்குப் போ" என்று ரிக்ஷாவைக் கூப்பிட்டுவிடுவார். கடைத் தூசியில் அம்மா வருஷக்கணக்கில் தும்மினாள். அந்தத் தெருவை நினைத்து நான் உருகுவதைக் கேட்டால் இப்போதும் ஒரு தும்மல்தான் பதில்.

எங்கள் வியாபாரத்துக்கு உயிர் கொடுத்தது கொத்தவால்சாவடி காய்கறி மார்க்கெட். ராத்திரி முழுக்க லாரி, கைவண்டி, "ஒத்து, ஒத்து" என்ற கூச்சல், மழை பெய்தால் முட்டைக்கோஸ் இலையும் சேறும் கணுக்கால் வரை. தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துக் கூடைக்காரம்மாக்கள் விடியுமுன்னே காய் எடுக்க வருவார்கள். திரும்பும் வழியில் கூடையை எங்கள் படியில் இறக்கிவைத்து, சுக்குப் பொடியோ குழந்தைக்கு உரைமருந்தோ வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் தெருவைத் திட்டிவிட்டுப் போவார்கள். தாத்தா நாலரைக்கே கதவைத் திறந்தது அவர்களுக்காகத்தான். அந்த அழுகல் நாற்றம் ஒழியாதா என்று தெருவே மனு எழுதிக்கொண்டிருந்தது. 1996இல் மார்க்கெட்டைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாற்றம் ஒழிந்தது. கூடைகளும் அதோடு போயின. முதல் மாதம் தெருவைப் பெருமையாகப் பார்த்த அப்பா, மூன்றாவது மாதம் பேரேட்டைப் பார்த்து வாயடைத்துப் போனார்.

புரட்டாசியில் திருப்பதிக் குடை கிளம்பும் நாள் மட்டும் பழைய கூட்டம் கூடும். கடன்பட்ட பெருமாள் யானைக்கவுனியைத் தாண்டமாட்டார் என்ற நம்பிக்கையில் அந்த இடத்தில் குடைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அதைப் பார்க்கப் பையன்களுக்கு அரைநாள் லீவு. கடனைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா, "பெருமாளுக்கே அந்தக் கதி" என்பார்.

கடை போனதற்குக் காரணம் நாட்டு மருந்துக்கு மவுசு குறைந்தது என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 2020இல் கபசுரக் குடிநீருக்கு ஊரே அலைந்ததே. பதினைந்து சரக்கும் அரைத்துப் பொடியாகி பாக்கெட்டில் வந்தது. எடுத்துக் கொடுத்தவர் யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னைப்போல் நாலு பேர் அங்கேயே நின்று வீட்டுக் கதையைச் சொல்லியிருப்போம், பின்னால் இருந்த வரிசை கத்தியிருக்கும். அதுவும் உண்மைதான். எங்கள் கடையைப் பொறுத்தவரை, வாடகையும் பங்காளிக் கணக்கும் சேர்ந்து முடித்துவைத்தன. அதை விரித்து எழுதுவதில் ருசியில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம்தான் எனக்கு இன்னமும் கை பரபரக்கிறது. அந்த ஒரு வாரத்தில் பையன்களுக்குச் சாப்பிட நேரமிருக்காது. வீட்டில் எத்தனை தலை, அதில் குழந்தைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டு, தாத்தா லேகியத்துக்குச் சுக்கு, மிளகு, கண்டந்திப்பிலி, அரிசித்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் என்று தராசில் வைக்காமல் கையளவில் அள்ளிப் போடுவார். ஆளுக்கு ஆள் அளவு மாறும். எழுதிவைக்கச் சொன்னால், "கடை இருக்கே, அப்புறம் எதுக்கு எழுதணும்?" என்பார்.

பெங்களூரில் இருக்கும் அக்கா போன தீபாவளிக்குத் தானே லேகியம் கிண்டினாள். ஆறினதும் கல்லாகிவிட்டது. அத்தான் கரண்டியை வளைத்துவிட்டு அம்மிக்குழவியைத் தேடினாராம். கண்டந்திப்பிலி கூடிப்போய்விட்டது என்று அவள் சாதிக்கிறாள்; வெல்லப்பாகு முற்றிவிட்டது என்று நான் சொல்கிறேன். இன்னும் முடியவில்லை அந்தச் சண்டை.