தருமபுரிக்கு வருகிறீர்களா?

லீவு விட்டால் போதும், எங்கள் வீட்டில் விருந்தாளிகள்தான். எல்லோருக்கும் ஒகேனக்கல் பார்க்கணும். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோ மீட்டர், பஸ் உண்டு. காவிரியில் வெள்ளம் கூடினால் குளியலையும் பரிசலையும் நிறுத்திவிடுவார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பரிசலில் குழந்தைக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிய பிறகே உட்காருங்கள்.

சின்னக் குழந்தைகளோடு தங்க வருகிறவர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்லணும். இந்தப் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். 'காய்ச்சித்தானே கொடுக்கிறோம்' என்று நானும் நிம்மதியாக இருந்தேன். பால் பல் விழுந்து என் மகளுக்கு முளைத்த பற்களில் பழுப்புக் கறை! பல் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது: காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். இன்றைக்கும் அவள் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள்.

2013-இலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வருகிறது. ஆகவே தங்குகிற இடத்தில், "இது காவிரித் தண்ணியா, போர் தண்ணியா?" என்று முதலில் கேளுங்கள். நாலு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. மாசக்கணக்கில் தங்கினால் குடிக்க, சமைக்க, குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க எல்லாவற்றுக்கும் காவிரித் தண்ணீரே இருக்கட்டும்.

அப்புறம், எங்கள் ஊர் ராகிக் களியைச் சாப்பிடாமல் போய்விடாதீர்கள்!